நீ தண்ணீர் குடிப்பதைப் பார்க்கிறவள்

தம்பி,

இதை நீ படிக்கும்போது உனக்கு மீசை வந்திருக்கும். உன் மடியில் உன் பிள்ளையே உட்கார்ந்து இந்தத் தாளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாலும் ஆச்சரியமில்லை. இப்போது உனக்குப் பத்து வயது. வரும் திங்கட்கிழமை அப்பாவும் நானும் உன்னை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வரப் போகிறோம். இப்படியொரு கடிதத்தை அம்மாதான் எழுதியிருக்க வேண்டும். அம்மா இல்லாததால் நான் எழுதுகிறேன். உன்னைவிட ஒன்பது வயது மூத்தவள், ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். ஆனாலும் உனக்குச் சோறு ஊட்டியது, சளி பிடித்தால் நெஞ்சில் தைலம் தேய்த்தது, பள்ளிக்கூட நோட்டில் பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் அப்பா பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டது எல்லாம் நான்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

நேற்று சாயங்காலம் உன் டிரங்குப் பெட்டியில் வெள்ளைப் பெயிண்டால் உன் பேரை எழுதிக்கொண்டிருந்தேன். நீ பெட்டி மூடியில் குந்திக்கொண்டு, "நான் போயிட்டா நீ தனியாத்தானக்கா இருப்ப. அப்பாட்ட சொல்லி ஒரு நாய்க்குட்டி வாங்கிக்க. சின்னதா, பப்ஸ் மாதிரி" என்றாய். நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாய். "வேணாம்னா வேணாம்" என்றேன். உனக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ எப்பப் பாரு இப்படித்தான். காரணமே சொல்ல மாட்ட. வாயில என்ன பசையா தடவியிருக்கு?" என்று சொல்லிவிட்டு விளையாடப் போனாய். நீ சொன்னது சரிதான். என் வாயில் ஐந்து வருஷமாகப் பசை ஒட்டியிருக்கிறது. அதைப் பிரித்து எழுதுவதுதான் இந்தக் கடிதம். நாளைக்கு உன் வீட்டிலும் ஒரு சின்ன நாய் வரும், உன் பிள்ளையும் அதன் வாலைப் பிடிக்கும். அதற்குள் இது உன் கைக்கு வந்து சேர வேண்டும்.

பப்ஸ் நம் வீட்டுக்கு வந்தது அம்மா இறந்த ஆறாவது மாதம். கப்பலூரில் அப்பா வேலை பார்க்கும் கம்பெனியின் சூப்பர்வைசர் ஓசூருக்கு மாற்றலாகிப் போனார். அவர்கள் வீட்டு நாயை அப்பாவிடம் கொடுத்தார். பார்ப்பதற்குப் பொமரேனியன் மாதிரி இருக்கும், ஆனால் முழுப் பொமரேனியன் இல்லை. இரண்டு வயது. ராத்திரியெல்லாம் அம்மா எங்கே என்று நீ அழுதுகொண்டிருந்த சமயம் அது. ஒரு நாய் வந்தால் நீ கொஞ்சம் மறப்பாய் என்று அப்பா நினைத்தார். ஒத்தக்கடை பேக்கரியில் அவர் உனக்கு வாங்கி வந்த முட்டை பப்ஸையும், வண்டியிலிருந்து இறங்கிய நாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரே கலருப்பா" என்றாய். அன்றிலிருந்து அதற்குப் பப்ஸ் என்று பேர். அன்று ராத்திரி நீ அழவில்லை. அதனால் எனக்கும் அந்த நாய்மேல் உயிர்.

முதல் தப்பு அன்றைக்கே நடந்தது. "தடுப்பூசியெல்லாம் போட்டாச்சுன்னு சொன்னாரு" என்றார் அப்பா. சீட்டு எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்பது என்பது எனக்கு எப்போதும் பெரிய வேலை. அப்பாவிடம்கூட இரண்டாவது தடவை ஒன்றைக் கேட்க மாட்டேன். நீ நாய் வாங்கினால் முதலில் அந்தச் சீட்டைக் கண்ணால் பார். சீட்டு இல்லையென்றால் ஊசியும் இல்லை என்றே வைத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போ. வருஷா வருஷம் போ.

இரண்டாவது தப்புதான் பெரியது. அதைத் தப்பு என்று அப்போது யாருமே நினைக்கவில்லை. எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். நீ பப்ஸைப் பொம்மை மாதிரி தூக்குவாய். முன்னங்கால் இரண்டையும் பிடித்துத் தூக்கி நடக்கவிடுவாய். அது சாப்பிடும்போது தட்டுக்குள் கைவிட்டுச் சோற்றை எடுத்து அதற்கே ஊட்டுவாய். அது கட்டிலுக்கடியில் தூங்கினால் நீயும் ஊர்ந்துபோய் அதன் முகத்தோடு முகம் வைத்துப் படுப்பாய். வந்த ஒரு வாரத்தில் அது உன்னைப் பார்த்து உறுமியது. பல்லைக் காட்டவில்லை. தொண்டைக்குள் கிரைண்டர் ஓடுவது மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். அடுத்த வீட்டு ஜெயா அக்கா அதைக் கேட்டுவிட்டு, "பிள்ளையப் பாத்து உறுமுற நாயி வீட்டுக்கு ஆகாது பாப்பா. மொதல்லயே அடிச்சு அடக்கிரு" என்றார். நானும் பேப்பரைச் சுருட்டி வைத்துக்கொண்டேன். உறுமினால் மூக்கில் ஒரு அடி, மறுபடி உறுமினால் இன்னொரு அடி. ஒரு மாதத்தில் அது உறுமுவதை விட்டுவிட்டது. நீ காலைப் பிடித்துத் தூக்கினாலும் சும்மா இருந்தது. "எம்புட்டு சாது, பாரேன்" என்றார் ஜெயா அக்கா. எனக்குப் பெருமையாக இருந்தது. அம்மா இல்லாத வீட்டில் ஒரு நாயையாவது ஒழுங்காக வளர்த்துவிட்டேன் என்று நினைத்தேன்.

உறுமல் என்பது நாய்க்கு இருக்கிற ஒரே வார்த்தை, தம்பி. எனக்குப் பிடிக்கவில்லை, கொஞ்சம் தள்ளிப் போ என்று அது சொல்கிற இடம் அதுதான். நான் அந்த வார்த்தையை அடித்துப் பிடுங்கிவிட்டேன். அதற்கப்புறம் அதனிடம் மிச்சம் இருந்தது பல் மட்டும். உறுமுவதற்கு முன்னாலேயே அது எத்தனையோ முறை சொல்லியிருக்கிறது என்பது பின்னாளில் அப்பா போனில் தேடித் தேடிப் படித்தபோதுதான் புரிந்தது. நீ கிட்டே போனால் முகத்தை வேறு பக்கம் திருப்பும். தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடும். மூக்கை நக்கிக்கொண்டே இருக்கும். ஓரக்கண்ணில் வெள்ளை தெரியும். நாங்கள் அதையெல்லாம் பார்த்துச் சிரித்தோம். உன் வீட்டு நாய் உறுமினால் அடிக்காதே. பிள்ளையை மெதுவாக எடுத்துக்கொண்டு வா. அது உனக்கு நல்லது செய்திருக்கிறது.

அது நடந்தது மே மாதம், ஒரு வியாழக்கிழமை மதியம். அதற்கு இரண்டு நாள் முன்னால் நீ பப்ஸைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினாய். நான்காவது படியில் உன் கை நழுவியது. அது விழுந்து ஒருமுறை கத்தியது. பிறகு பின்னங்காலை லேசாக இழுத்து நடந்தது. நான் காலைத் தடவிப் பார்த்துவிட்டு, சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். சின்ன நாயால் பிள்ளைக்கு என்ன ஆகிவிடும் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். சின்ன நாய்க்குத்தான் பிள்ளையால் ஆகும். எலும்பு அவ்வளவு மெல்லிசு. பிள்ளை தரையில் உட்கார வேண்டும், நாய் தானாக மடிக்கு வர வேண்டும். நின்றபடி தூக்கவே கூடாது. இது அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தால் பாதிக் கதை நடந்தே இருக்காது.

அந்த மதியம் நான் துணி காயப்போட மாடிக்குப் போனேன். ஐந்து நிமிஷம்தான். ஐந்து நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று அதற்குப் பிறகு எனக்குத் தெரியும். நீ கட்டிலுக்கடியில் ஊர்ந்துபோய், தூங்கிக்கொண்டிருந்த அதன் வலிக்கிற காலைப் பிடித்து இழுத்திருக்கிறாய். சத்தமே வரவில்லை. நாயும் உறுமவில்லை. நீ மட்டும் கத்தினாய். ஓடிவந்து பார்த்தபோது உன் வலது மணிக்கட்டில் இரண்டு பல் பதிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. பப்ஸ் சுவரோடு ஒட்டி நின்று, நீ அழுவதைப் பார்த்து நடுங்கியது. நீ அழுதுகொண்டே, "அத அடிக்காதக்கா, நாந்தான் இழுத்தேன்" என்றாய். ஐந்து வயதில் உனக்கு இருந்த நேர்மை பதினான்கு வயதில் எனக்கு இல்லை.

என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. கட்டுப் போடக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வீட்டு நாய், சின்ன நாய், நேற்றுவரை நம் மடியில் கிடந்த நாய் என்று பார்க்கக் கூடாது. நான் செய்தது இது: செம்பில் தண்ணீர் மொண்டு ஒருமுறை ஊற்றினேன். மஞ்சள்தூளை அப்பினேன். கைக்குட்டையால் இறுக்கிக் கட்டி, உனக்கு முழுக்கைச் சட்டை மாட்டிவிட்டேன். அப்பாவுக்குத் தெரிந்தால் பப்ஸை அனுப்பிவிடுவார், நீ மறுபடி ராத்திரியெல்லாம் அழுவாய் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மாடிக்குப் போன ஐந்து நிமிஷத்துக்கு நான் பதில் சொல்ல வேண்டும் என்ற பயம் மீதி.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் அப்பா வேலைக்குப் போனதும் உன்னைக் கூட்டிக்கொண்டு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். வரிசை நீளம். எனக்குப் பின்னால் என் பழைய வகுப்புப் பெண் ஒருத்தி அவள் அம்மாவோடு வந்து நின்றாள். அவளுடைய அம்மா என்னைப் பார்த்து, "ஏம்மா, நீ இப்பப் பள்ளிக்கூடம் வாரதில்லையாமே? வீட்டு வேலையா பாக்குற?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். எனக்குக் காது இரண்டும் சுட்டது. அதற்குள் எங்கள் முறை வந்துவிட்டது. சீட்டு எழுதுபவர் நிமிராமலே கூட்டத்துக்கே கேட்கும்படி, "என்ன பிள்ளைக்கு?" என்றார். எல்லோரும் என்னைப் பார்ப்பது மாதிரி இருந்தது. நாய் கடித்துவிட்டது என்றால், எப்போது, எப்படி, நீ எங்கே போனாய், உன் அம்மா எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். "சளி" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான். சளி மருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். வழியில் நீ, "எனக்குச் சளி இல்லையேக்கா" என்றாய். "பேசாம வா" என்றேன்.

சனிக்கிழமை அப்பா உன்னைக் குளிப்பாட்டும்போது கையைப் பார்த்துவிட்டார். "பப்ஸ் கடி" என்று நீயே சொன்னாய். அப்பா ஈரக் கையோடு வந்து அடுப்படி வாசலில் நின்றார். "ஊசி போட்டாச்சா பாப்பா?" என்று கேட்டார். அலமாரியில் அந்தச் சளிச் சீட்டு மடித்து வைத்திருந்தது. அவர் பார்வை அதன்மேல் போனது. நான் தலையாட்டினேன். வாயால் ஒரு பொய்கூட நான் சொல்லவில்லை, தம்பி. தலையை மட்டும் மேலும் கீழும் ஆட்டினேன். அப்பா பெருமூச்சு விட்டு, "நல்ல வேளை" என்றார். என்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா கட்டைப்பையை எடுத்தார். நம் பக்கத்தில் நாய் கடித்துவிட்டால் அதைக் கொல்ல யாருக்கும் மனசு வராது, வீட்டில் வைக்கவும் மனசு வராது. எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். கொஞ்சம் ஈரம் உள்ளவர்கள் சோறு கிடைக்கிற இடமாகப் பார்த்து விடுவார்கள். "அழகர்கோவில்ல விட்டுட்டு வாரேன். அங்க சனம் வந்துக்கிட்டே இருக்கும். பொங்கலும் தோசையும் விழுந்துக்கிட்டே கெடக்கும். நம்ம வீட்டுல திங்கிறத விட நல்லாத் திங்கும். சாமி எடம்" என்றார். உன்னைவிட அவர்தான் அதை நம்ப வேண்டியிருந்தது. பப்ஸைப் பிடித்துப் பைக்குள் இறக்கிக் கொடுத்தது நான். வண்டிக் கொக்கியில் பையை மாட்டியதும் தலையை வெளியே நீட்டிக்கொண்டு, ஊர் சுற்றப் போகிற சந்தோஷத்தில் நாக்கைத் தொங்கப் போட்டது. நீ வாசலில் நின்று டாட்டா காட்டினாய். வண்டி தெருமுனை திரும்பும்வரை அதன் காது இரண்டும் காற்றில் ஆடியது. அந்தக் காதுகளை நான் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை நல்ல வெயில். விளையாடிவிட்டு வந்த உன்னிடம் தண்ணீர் டம்ளரை நீட்டினேன். நீ கையால் தட்டிவிட்டு, "வேணாம்" என்றாய். தண்ணீர் தரையில் ஓடியது. நாய்க்கடியில் வெறிநோய் வந்தவர்கள் தண்ணீரைக் கண்டால் பயப்படுவார்கள் என்று எங்கோ எப்போதோ கேட்டது அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது. நீ ஐஸ் வாங்கித் தரச் சொல்லி அடம் பிடித்தாய், அவ்வளவுதான். ஆனாலும் அந்த ஞாபகம் என்னை விடவில்லை. சாயங்காலம் குழாயடியில் ஜெயா அக்கா பக்கத்தில் குடத்தை வைத்தேன். அவருடைய மகனையும் ஒருமுறை நாய் கடித்து ஊசி போட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். "எங்க சொந்தத்துல ஒரு பிள்ளையக் கடிச்சிருச்சாம்க்கா" என்று ஆரம்பித்தேன்.

"ஊசி போட்டாகளா?"

"தெரியலக்கா."

"தெரியலயா? மொத நாளே போட்டுறணும்ல. சரி, வீட்டு நாயா? உசுரோட இருக்கா?"

"ஏங்க்கா?"

"எங்க பயலுக்கு டாக்டரு சொன்னாரு. ஊசிய ஆரம்பிச்சுறணும், கடிச்ச நாயக் கட்டிப்போட்டுப் பத்து நாளு பாக்கணும். பத்து நாளும் அது நல்லா இருந்துச்சுன்னா பயமில்ல."

"நாய் இல்லக்கா. கொண்டுபோயி விட்டுட்டாக."

ஜெயா அக்கா குடத்தைத் தூக்காமல் என்னைப் பார்த்தார். "எந்தக் கிறுக்குப் பய அது? தெரிஞ்சுக்கிறதுக்கு இருந்தது அது ஒண்ணுதான். அதப்போயித் தொலைச்சுட்டு வந்து நிப்பானாக்கும்?"

நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அன்று ராத்திரி நீ தூங்கும்போது உன் தொண்டையில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். ஊசியும் இல்லை, நாயும் இல்லை. உன் உயிர் இருக்குமா போகுமா என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சியை நானே பைக்குள் இறக்கிக் கொடுத்திருந்தேன். அப்போதே அப்பாவை எழுப்பியிருக்க வேண்டும். எழுப்பவில்லை. நாயைக் கண்டுபிடித்துவிட்டால் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றியது. அதுதான் என் கடைசித் தப்பு.

சனிக்கிழமை, ஒன்பதாவது நாள். அப்பா வேலைக்குப் போனதும் மாட்டுத்தாவணி போய் அழகர்கோவில் பஸ் ஏறினோம். ஜன்னலோரத்தில் உன்னை உட்காரவைத்து, பாட்டில் மூடியைத் திறந்து திறந்து குடிக்கச் சொன்னேன். நீ குடிப்பாய், நான் உன் தொண்டையைப் பார்ப்பேன், அது ஏறி இறங்கும், எனக்கு ஒரு நிமிஷம் உயிர் வரும். அடுத்த நிறுத்தத்தில் மறுபடி பாட்டில். "போதும்க்கா, வயிறு கொளம் மாதிரி இருக்கு" என்றாய். இறங்கியதும் முதல் வேலையாக மதில் ஓரமாக ஓடினாய்.

கோயில் வாசலில் கூட்டம், குரங்கு, வண்டிகள், எத்தனையோ நாய்கள். பப்ஸ் இல்லை. யாரிடமாவது கேட்க வேண்டும். ஒரு கடை முன்னால் போய் நிற்பேன், கடைக்காரர் நிமிர்ந்தால் நகர்ந்துவிடுவேன். நீதான் ஒவ்வொரு கடையிலும் சத்தமாகக் கேட்டாய்: "எங்க பப்ஸ் இங்க வந்துச்சா?" ஒருவர், "பப்ஸெல்லாம் இங்க விக்கிறதில்லப்பா, பஸ் ஸ்டாண்டு டீக்கடையில கேளு" என்றார். நீ விடவில்லை. வாழைப்பழம் விற்கிற அம்மா ஒருவரிடம் போய் அதன் நிறம், காது, இழுத்து நடக்கிற கால் எல்லாவற்றையும் நடித்தே காட்டினாய்.

"அதுவா? புசுபுசுன்னு, கழுத்துல செவப்பு நாடா?" என்றார் அவர். அந்த நாடா அம்மாவின் பழைய ரிப்பன். நான்தான் கட்டியிருந்தேன். "ஞாயித்துக்கெழமையிலருந்து ரெண்டு மூணு நாளு இங்கனதான் கெடந்துச்சு. வார வண்டியெல்லாம் போயிப் போயி மோந்து பாக்கும். பைக்கு ஒண்ணு நின்னா போதும், பக்கத்துல போயி உக்காந்துக்கிரும். ஆளு வந்து எடுத்துட்டுப் போனா அடுத்த பைக்கு. பெறகு காணல."

எனக்கு அழுகை வந்தது. அதையும் மீறி ஒரு கேள்வி வந்தது. "அது தண்ணி குடிச்சுச்சா?"

அந்த அம்மா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு உன் கையைப் பார்த்தார். அந்த வெயிலில் முழுக்கைச் சட்டை. "ஏத்தா, கடிச்சிருச்சா?"

"ஆமா" என்றேன். "எந்தம்பிய. ஊசி போடல."

ஒன்பது நாளில் அதை முதல்முறையாகச் சொன்னது முகம் தெரியாத ஒரு பழக்காரம்மாவிடம். அவர் திட்டவில்லை. இரண்டு பழத்தைப் பிய்த்து உன் கையில் திணித்து, "அப்ப இங்க நின்னு நாயத் தேடிக்கிட்டு என்ன செய்ற? அந்தா நிக்கிது பஸ்ஸு. பெரியாஸ்பத்திரிக்குப் போ. ஓடு" என்றார். ஓடினோம். நீ பழத்தை உரித்துக்கொண்டே ஓடினாய்.

பெரியாஸ்பத்திரியில் சீட்டு எழுதுமிடத்தில் சுகாதார நிலையத்தைவிடப் பெரிய கூட்டம். அதே கேள்வி: "என்ன பிள்ளைக்கு?" கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். "நாய் கடிச்சிருச்சு. இன்னியோட ஒம்போது நாளு. ஒண்ணும் போடல." எனக்கே புதிதாகக் கேட்ட என் சத்தம் அது. வரிசையில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவரவர் பிள்ளை அவரவருக்கு. டாக்டர் அம்மா மட்டும் சீட்டைப் பார்த்துவிட்டு, "ஒம்போது நாளா என்னம்மா பண்ணுனீங்க?" என்றார். உன் கையில் ஒரு ஊசி, காயத்தைச் சுற்றி ஒரு ஊசி. காயத்தில் குத்தும்போது நீ என் தோளைக் கடித்தாய். "லேட்டுதான். ஆனா வந்துட்டீங்க. இனி ஒரு நாள்கூடத் தவறக் கூடாது" என்று மீதி ஊசிகளுக்கு நாள் குறித்துக் கொடுத்தார். அட்டை எழுதிய நர்ஸ், "கூட வந்தது யாரு, அம்மாவா?" என்று நிமிராமல் கேட்டார். நிமிர்ந்து பார்த்து, "சின்னப் பிள்ளையா இருக்க. அம்மா வரலையா?" என்றார்.

"நாந்தான்" என்றேன்.

அன்று சாயங்காலம் அப்பா செருப்பைக் கழற்றுவதற்குள் அட்டையை அவர் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். சளிச் சீட்டையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "நீ தலைய ஆட்டுனியே பாப்பா" என்றார், அவ்வளவு மெதுவாக. இன்றுவரை அதைவிடப் பெரிய அடி எனக்கு விழவில்லை. அதற்குப் பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமை அவர் தனியாக அழகர்கோவிலுக்குப் போய்வந்தார். என்ன பார்த்தார் என்று சொன்னதில்லை. அப்பா வண்டிக் கொக்கியில் எதுவும் மாட்டுவதில்லை, கவனித்திருக்கிறாயா? காய்கறிப் பையைக்கூட டேங்க்மேல் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓட்டுவார். உனக்கு அது சிரிப்பு.

எல்லா ஊசியும் போட்டு முடிந்தது. ஒன்றும் ஆகவில்லை. நீ வளர்ந்தாய். ஆனால் அந்த நோய் பல மாதம் கழித்தும் வரும் என்று எங்கோ படித்துவிட்டேன். அதனால் நீ காய்ச்சலில் படுத்தால், வெயிலில் சுருண்டால், டம்ளரைத் தள்ளினால் எனக்கு அந்த வெள்ளிக்கிழமை திரும்ப வந்துவிடும். டாக்டர் அம்மா பயப்பட வேண்டாம் என்று சொல்லித்தான் அனுப்பினார். பயம் அவர் பேச்சைக் கேட்கவில்லை. பப்ஸுக்கு நோய் இருந்ததா? இருந்திருக்காது என்றுதான் தோன்றுகிறது. கால் வலித்தது, சொல்ல வழியில்லை, கடித்தது. ஒரு குற்றமும் செய்யாத நாய் ஒவ்வொரு பைக்காகப் போய் உட்கார்ந்து அப்பாவைத் தேடியிருக்கிறது. சில நாள் தெருவில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டால் எழுந்துபோய்க் கதவைத் திறந்து பார்க்கிறேன். எதைப் பார்க்கிறேன் என்று எனக்குத் தெரியும்.

உன் வீட்டுக்கு நாய் வரட்டும், தம்பி. வேண்டாம் என்று நேற்று நான் சொன்னது எனக்காக, உனக்காக அல்ல. பிள்ளையும் நாயும் சேர்ந்து வளர்வது நல்லதுதான். நீ அன்று அழுகையை நிறுத்தினாயே. ஆனால் அதற்கென்று ஒரு மூலை ஒதுக்கு, அந்த மூலைக்குள் பிள்ளை போகவே கூடாது. அது தின்னும்போதும் தூங்கும்போதும் கை வைக்கக் கூடாது என்று பிள்ளைக்கு அ, ஆ சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால் சொல்லிக்கொடு. இரண்டையும் தனியாக விட்டுவிட்டுத் துணி காயப்போடப் போகாதே. ஒன்று பிள்ளை உன்னோடு வர வேண்டும், இல்லை நாய் வர வேண்டும். கடித்துவிட்டால் கழுவு, ஓடு, வாயைத் திறந்து சொல். நாயை எங்கேயும் கொண்டுபோய் விடாதே. கட்டிப் போட்டுச் சோறு வை, அது நன்றாக இருப்பதைப் பத்து நாள் கண்ணால் பார். வீட்டில் உனக்குப் பதிலாக யார் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார்களோ, அவர்கள் தலையாட்டினால் நம்பாதே. பக்கத்தில் உட்கார்ந்து, திட்ட மாட்டேன் என்று சொல்லி, இன்னொரு முறை கேள். திங்கட்கிழமை நீ போகிற இடத்திலும் யாராவது ஏதாவது செய்தால், வலித்தால், பயமாக இருந்தால், போனில் எனக்குத் தலையாட்டாதே. உறுமு. நான் பஸ் ஏறி வந்துவிடுவேன்.

இந்தக் கடிதத்தை அந்த ஊசி அட்டையோடு சேர்த்துக் குத்தி வைக்கிறேன். அதில் உன் பேருக்குக் கீழே பாதுகாவலர் என்ற இடத்தில் என் பேர் இருக்கும்.

நேற்று விளையாடிவிட்டு இருட்டுகிற நேரத்தில் வந்தாய். கோபம் எல்லாம் மறந்திருந்தது. குடத்திலிருந்து செம்பு நிறைய மொண்டு, அண்ணாந்து, வாயில் படாமல் ஊற்றிக்கொண்டாய். மோவாயில் வழிந்து சட்டை நனைந்தது. உன் தொண்டை ஏறி இறங்குவதை நான் அடுப்படி வாசலில் நின்று எண்ணினேன். பதினோரு மடக்கு. செம்பைக் கவிழ்த்துவிட்டு, "என்னக்கா பாக்குற?" என்றாய்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

அந்த ஒண்ணுமில்லயைத்தான் இவ்வளவு நேரம் உனக்கு எழுதியிருக்கிறேன்.

அக்கா